கதவு திறந்த அறையும் ஈரக்காற்றும்

கடலோர நகரங்களில் வசதியான வீடுகளுக்கு ஒரு புது இயந்திரம் வரத் தொடங்கியிருக்கிறது. டீஹியூமிடிஃபையர் என்பார்கள்; ஈரமகற்றி என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு ஒன்றாக வைக்கும் சிறிய ரகம் உண்டு. வீடு முழுவதற்கும் ஒன்றாக, கூரையை ஒட்டிக் குழாய் ஓட்டி மாட்டும் பெரிய ரகமும் உண்டு. அமெரிக்காவில் நிலவறை வைத்துக் கட்டிய வீடுகளில் இது சாதாரணம். சுவரில் பூஞ்சை பிடிக்காது, துணி நாறாது, அலமாரிப் பலகை உப்பாது என்கிறார்கள். உண்மைதான். இதே இயந்திரத்தைப் பட்டாசு ஆலைகள் உள்ள விருதுநகர் மாவட்டம் தாயில்பட்டிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? ஈரத்தைக் கண்டு பயப்படுவதில் அந்த வட்டாரத்துக்கு ஈடு தமிழ்நாட்டில் வேறு இல்லை. ஆனால் பயம் எங்கே அதிகமோ அங்கேதான் இந்த இயந்திரத்துக்கு இடமில்லை. காரணம் பாதி காற்றில் இருக்கிறது, பாதி கதவில் இருக்கிறது.

தாயில்பட்டி வெம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த ஊர். கரிசல் நிலம், வைப்பாற்றுப் படுகை, மானாவாரி வெள்ளாமை. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தன் அந்தப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் இறங்குவது காய்ந்த காற்று. ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். விவசாயியை விரட்டிய இந்த வறட்சிதான் தொழிலை அழைத்து வந்தது. 1922ல் பக்கத்துச் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். 1940ல் வந்த வெடிபொருள் விதிகளுக்குப் பிறகு உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. தீப்பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கப் போய் அச்சகங்கள் பெருகின. தீக்குச்சி, பட்டாசு, காகிதம் மூன்றுக்குமே ஈரம் ஆகாது. அந்த ஊர் வெயில் ஒரு காசு வாங்காமல் மூன்றையும் காயவைத்துக் கொடுத்தது.

ஆனால் வறண்ட ஊர் என்றால் எந்நேரமும் வறட்சி என்று எண்ணிவிடக் கூடாது. வானிலை அறிக்கையில் ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்கிறார்களே, அது காற்றில் இருக்கும் தண்ணீரின் அளவைச் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 38 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 46 கிராம் நீராவி இருக்கலாம். 24 டிகிரியில் 22 கிராம்தான். கோடையில் ஒரு பிற்பகல் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 14 கிராம் நீர் இருக்கிறது. இரவில் மேகமில்லாமல் வானம் வெறிச்சென்று கிடந்து, விடியற்காலை வெப்பம் 24க்கு இறங்கினால், அதே 14 கிராம் ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு ஏற்றிவிடும். ஒரு சொட்டு மழை இல்லை, கடல்காற்று இல்லை. பொழுது புலர்ந்ததும் கணக்கு இரட்டிப்பாகிவிட்டது. தாயில்பட்டி ஆலைக்கு ஒரே நாளில் இரண்டு பருவம் வந்துபோகிறது: விடியலில் ஈரம், உச்சியில் வறட்சி. இரண்டிலும் ஆபத்து உண்டு. ஒன்றுக்கொன்று எதிரான ஆபத்துகள்.

முதலில் ஈரத்தைப் பார்ப்போம். உப்புகள் எல்லாம் ஒரே மாதிரி ஈரம் உறிஞ்சுவதில்லை. ஒவ்வோர் உப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. காற்றின் ஈரப்பதம் அதற்குக் கீழே இருந்தால் உப்பு பொலபொலவென்று கிடக்கும். வரம்பைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொண்டு தானே கரைசலாகிவிடும். அறை வெப்பநிலையில் சோடியம் நைட்ரேட்டுக்கு அந்த வரம்பு ஏறக்குறைய 74 சதவீதம். வெடியுப்பு என்று நாம் சொல்லும் பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு 92க்கு மேல். விலையில் சோடியம் நைட்ரேட் மலிவு. ஆக்சிஜன் தருவதிலும் குறைவில்லை. ஆனாலும் கருமருந்துக்குப் பெரும்பாலும் வெடியுப்பே நிலைத்ததற்கு இந்த 18 சதவீத வித்தியாசம் ஒரு பெரிய காரணம். பச்சை நிறத்துக்கும் கம்பி மத்தாப்புக்கும் பயன்பட்ட பேரியம் நைட்ரேட் இன்னும் கெட்டி. 98 சதவீதம் வரை அசையாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புகளுக்குத் தடை விதித்தது. மாற்றாக வைத்துப் பார்க்கக் கூடிய ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டின் வரம்பு சுமார் 85 சதவீதம். மழைக்கால விடியலில் 85ஐத் தாண்டுவது அதிசயமே இல்லை. நீதிமன்றத்துக்குக் காற்று மாசு கவலை. ஆலைக்கோ அதோடு கிடங்கில் சரக்கு நமத்துப்போகும் கவலையும் சேர்ந்துகொண்டது.

நமத்துப்போன பட்டாசு பிரச்சினையே அல்ல என்பேன். பற்றவைத்தால் புஸ்ஸென்று அடங்கிவிடும். காசு போகும், அவ்வளவுதான். உயிரை எடுப்பது வேறு ஈரம். பட்டாசின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் அலுமினியப் பொடி வேண்டும். சாதாரண அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் ஆவதில்லை. ஏனென்றால் உலோகத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் போர்வை மூடியிருக்கிறது. பொடியாக இடிக்கும்போது பரப்பளவு பல்லாயிரம் மடங்கு பெருகும். போர்வையில் ஓட்டை எங்கேயாவது இருந்தே தீரும். அங்கே தண்ணீர் பட்டால் அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறி, ஹைட்ரஜன் வாயுவையும் வெப்பத்தையும் வெளிவிடும். பக்கத்தில் நைட்ரேட்டும் இருந்துவிட்டால் கதை வேகமெடுக்கிறது. அலுமினியம் நைட்ரேட்டைச் சிதைத்து அமோனியா உண்டாக்கும். அமோனியா காரம். காரம் ஆக்சைடுப் போர்வையை அரிக்கும். இன்னும் அலுமினியம் வெளிப்படும், இன்னும் அமோனியா வரும், சூடு ஏறும். சூடு ஏற ஏற வினை விரைவடையும். மொத்தமாகக் குவித்து வைத்த கலவையாக இருந்தால் நடுவிலுள்ள சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். சில மணி நேரம் சத்தமில்லாமல் புழுங்கிக் கிடந்த குவியல், ஒரு கட்டத்தில் தானே பற்றிக்கொள்ளும். உரசவும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம்.

இதைத் தடுக்க வேதியியலில் எளிய வழி ஒன்று இருக்கிறது: போரிக் அமிலம். கலவையில் ஒன்றிரண்டு சதவீதம் சேர்த்தால் காரத்தன்மை தலைதூக்காது. தொடர்வினை ஆரம்பத்திலேயே படுத்துவிடும். மூக்கும் ஒரு கருவிதான். பட்டாசு மருந்துக் கலவையிலிருந்து அமோனியா நெடி அடித்தால் பக்கத்தில் போய்க் கிளறிப் பார்க்கும் நேரமல்ல அது, விலகி ஓட வேண்டிய நேரம். முந்தின நாள் மீந்துபோன மருந்தை இரவு அறையிலேயே வைத்துவிட்டுக் காலையில் வந்து எடுக்கக் கூடாது என்று ஆலைகளில் திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருளும் இதுதான். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். மாலையில் முப்பதில் விட்டுப்போன காற்று, காலையில் அறுபத்தைந்தில் நிற்கிறது. மழைக்காலமானால் தொண்ணூறிலும் நிற்கும். இரவு முழுக்க அந்தக் காற்றைக் குடித்த மருந்தைத்தான் காலையில் கை தொடுகிறது.

இதுவரை படித்தவர், ஈரமகற்றியை உடனே வாங்கி மாட்டுங்கள் என்பார். கொஞ்சம் பொறுக்க வேண்டும். இனி வறட்சியின் பங்கு.

ஈரமான காற்றில் எந்தப் பொருளின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒட்டியிருக்கும். உரசலில் உண்டாகும் நிலைமின்சாரம் அந்தப் படலத்தின் வழியே கசிந்து தரைக்குப் போய்விடும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்க இறங்கப் படலம் மெலிந்து அறுந்துவிடுகிறது; மின்னூட்டம் போக வழியில்லாமல் சேர்கிறது. காய்ந்த தரையில் செயற்கை இழைத் துணி உடுத்தி நடக்கும் ஒருவரின் உடம்பில் சில ஆயிரம் வோல்ட் ஏறுவது சர்வ சாதாரணம். 10,000 வோல்ட்டும் ஏறும். மனித உடம்பின் மின்கொள்ளளவு மிகச் சிறியது, சுமார் 100 பிக்கோஃபேரட். 10,000 வோல்ட்டில் அதில் அடங்கும் ஆற்றல் 5 மில்லிஜூல். கேட்க அற்பம்தான். ஆனால் நுண்ணிய உலோகப் பொடி கலந்த சில மருந்துகளுக்கு இவ்வளவு போதும், இதைவிடக் குறைவாகவும் போதும். இன்னொரு சங்கடம்: விரல் நுனியில் சுரீர் என்று நமக்கு உறைக்கவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே பொறி பறந்தாலும் பறந்தது நமக்குத் தெரியாது.

அதனால்தான் ஆலை அறை வாசலில் தரையோடு இணைத்த செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே போகுமுன் கையால் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் அதன் வழியே மண்ணில் இறங்கிவிடும். மேஜை மேல் மின்கடத்தும் ரப்பர் விரிப்பு. உடுப்பு பருத்தியாக இருக்க வேண்டும். பெண்கள் சேலைக்கு மேல் பழைய ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்கலாம். அந்தச் சட்டை பருத்தியா, பாலியெஸ்டர் கலந்ததா என்பதும் பாதுகாப்புக் கேள்விதான். ஆனால் கடைத்தெருவில் பருத்தி விலையையும் கலப்புத் துணி விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு, கூலிக்காரக் குடும்பம் எதை வாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விபத்துச் செய்திகளில் ‘உராய்வு காரணமாக’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்த உராய்வுக்குள் இடித்த சூடு, தட்டிய அதிர்ச்சி, நிலைமின் பொறி, ஈரம் ஏறிய அலுமினியம் என்று நாலைந்து தனித்தனிக் காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் மறுபடியும் பெருஞ்சாவு. காரணத்தைப் பிரித்துச் சொல்லாதவரை, எதைச் சரிசெய்வது என்பதும் குழப்பமாகவே இருக்கும்.

ஆக, மருந்து அறைக்கு வேண்டியது வறட்சி அல்ல, மிதம். மிக நுண்ணுணர்வுள்ள முதன்மை வெடிபொருள்களைக் கையாளும் இடங்களில் ஈரப்பதத்துக்கு மேல்வரம்பு போலவே கீழ்வரம்பும் வைப்பது வழக்கம். எண்ணத்தில் இது எளிது. மேலே போனால் உலர்த்து, கீழே போனால் ஈரமூட்டு. இயந்திரத்துக்கு இதெல்லாம் பெரிய வேலை அல்ல. சாதாரண ஈரமகற்றி, குளிர்பதனப் பெட்டியின் தம்பி மாதிரிதான். குளிர்ந்த சுருளின் மேல் காற்றை ஓட்டும். நீராவி பனித்துச் சொட்டும். காய்ந்த காற்றைச் சூடான சுருள் வழியே திருப்பி அறைக்குள் விடும். இன்னொரு வகையில் சிலிக்கா ஜெல் பூசிய சக்கரம் மெல்லச் சுழன்று ஈரத்தைப் பிடிக்கும். சக்கரத்தின் மறுபக்கத்தில் சூடான காற்றை அடித்து அந்த ஈரத்தை வெளியேற்றுவார்கள். மருந்து மாத்திரை ஆலைகளில் இந்த வகை நிறைய உண்டு.

சிக்கல் வேறிடத்தில். ஒன்று, மின்சாரம். சுவிட்சில் தெறிக்கும் பொறியும் மோட்டாரின் சூடும் மருந்து அறைக்குள் வரக் கூடாது என்பதால், சிறிய ஆலைகளின் அறைகளில் பகல் வெளிச்சத்திலேயே வேலை நடக்கிறது. இயந்திரத்தைத் தள்ளி வைத்துக் குழாய் வழியே காற்றை அனுப்பலாமே என்றால், இரண்டாவது சிக்கல் வந்து நிற்கும்: கதவு. ஈரமகற்றிக்கு முதல் நிபந்தனை அடைத்த அறை. வெளிக்காற்று புகாத வரைதான் உள்ளே உலர்த்தியது உலர்ந்ததாக இருக்கும். பட்டாசு அறைக்கு முதல் நிபந்தனையோ ஓடிவிட வழி. எதிரெதிரே கதவுகள், அதுவும் வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள், வேலை நேரத்தில் தாழ் போடாத கதவுகள். அறைக்கு நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். அடைத்த அறையில் மருந்து பற்றினால் வாயு அழுத்தம் ஏறி எரிவது வெடிப்பாகும். திறந்த அறையில் அதே மருந்து எரிந்து வெளியே சீறிவிட வாய்ப்பாவது இருக்கிறது. ஈரத்தை அடக்கக் கதவை மூடினால் உயிருக்கு வழி அடைபடும். இரண்டில் எதை விடுவது என்று எந்தப் பொறியாளரும் யோசிக்க மாட்டார்.

அதனால் இந்த வட்டாரம் ஈரத்தைக் காற்றில் கட்டுப்படுத்துவதில்லை, நேரத்திலும் அளவிலும் கட்டுப்படுத்துகிறது. மருந்து கலப்பதை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிடுவது பழக்கம். அப்போது சூடும் குறைவு, காற்றில் கொஞ்சம் ஈரமும் இருப்பதால் நிலைமின்சாரமும் அடங்கியிருக்கும். அன்றைக்கு ஆகுமளவுக்கு மட்டும் கலக்க வேண்டும். கலந்ததை அன்றைக்கே செலுத்தி முடிக்க வேண்டும். ஈரம் உள்ளே போய் வேலை காட்டச் சில மணி நேரமாவது பிடிக்கும். அந்த அவகாசத்தைக் கொடுக்காமலிருப்பதுதான் உத்தி. குவியல் சிறிதாக இருந்தால் சூடும் தங்காது. மழை இறங்கிவிட்டால் காயப்போடும் மேடைகள் வெறுமையாகும், வேலை நிற்கும். அது நல்ல அறிவியல்தான். ஆனால் மழை நாளின் நஷ்டம் நாள்கூலி வாங்குபவர் தலையில் விடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர் மறுநாள் வேகத்தைக் கூட்டத்தான் பார்ப்பார். மேஸ்திரியும் அளவைக் கூட்டத்தான் பார்ப்பார். அங்கேதான் விதி உடைகிறது.

இதே வட்டாரத்தில் ஈரமகற்றிக்குச் சொந்த வீடு போன்ற இடம் ஒன்றும் இருக்கிறது. அது அச்சகம். சொல்லப்போனால் இந்த இயந்திரம் பிறந்ததே அச்சகத்துக்காகத்தான். 1902ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சு நிறுவனத்துக்குக் கோடைகாலப் புழுக்கத்தில் வண்ண அச்சு சரியாக விழவில்லை. ஒரு நிறத்தை அடித்துக் காயவைத்து அடுத்த நிறத்தை அடிப்பதற்குள் காகிதம் ஈரம் குடித்து விரிந்துவிடும். நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளர், குளிர்ந்த நீர் ஓடும் சுருள்களின் மேல் காற்றை ஓட்டி, ஆலையின் ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் 55 சதவீதத்தில் நிறுத்தும் திட்டத்தை வரைந்து கொடுத்தார். இன்று உலகமே ஏசி என்று சொல்லும் இயந்திரத்தின் தொடக்கம் அது. மனிதருக்குக் குளிர் கிடைத்தது காகிதத்தின் புண்ணியத்தில்.

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஆர்டர் குவிந்து அச்சு உச்சத்துக்குப் போவது அதன் பிறகு. கடைசி மாதங்கள் அப்படியே வடகிழக்குப் பருவமழையில் விழுகின்றன. சரியாகப் பொருந்தாத காலண்டர் தாளை உருப்பெருக்கியில் பார்த்தால் முருகன் கிரீட விளிம்பில் மயிரிழை அகலத்துக்கு நீலம் தனியாக வழிந்து நிற்பது தெரியும். காகித இழை நீளவாட்டில் அவ்வளவாக மாறாது; குறுக்குவாட்டில்தான் உப்பும். அச்சகத்தில் அறையை அடைக்கலாம், மின்சாரம் உண்டு, தப்பியோடும் அவசரமில்லை. இங்கே ஈரமகற்றி கொடுத்த காசுக்குமேல் உழைக்கும்.

வீட்டுக்கு வருவோம். ஆயிரம் சதுர அடி, பத்தடி உயரக் கூரை என்றால் உள்ளே சுமார் 283 கன மீட்டர் காற்று. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் அதில் ஏறக்குறைய 7 லிட்டர் தண்ணீர் ஆவியாக மிதக்கிறது. அதை 50 சதவீதமாக்க இரண்டரை லிட்டரை எடுத்தால் போதும். கேட்கச் சுலபம். ஆனால் மணிக்கு ஒருமுறை வீட்டுக் காற்று முழுதாக மாறினாலே நாளைக்கு 60 லிட்டர் எடுக்க வேண்டும். நம் வீடுகளில் சன்னல் திறந்திருக்கும், முற்றம் இருக்கும், கதவிடுக்கில் விரல் நுழையும். மணிக்கு ஐந்து முறை மாறினால் 300 லிட்டர். நல்ல இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு லிட்டர் எடுக்கும் என்று வைத்தால் தினம் 150 யூனிட். இதற்குமேல் ஒரு வேடிக்கை: ஒரு லிட்டர் நீராவி தண்ணீராகும்போது சுமார் 0.68 யூனிட் வெப்பத்தை விட்டுவிட்டுத்தான் போகும். அதுவும் இயந்திரம் இழுக்கும் மின்சாரமும் சேர்ந்து அறைக்குள்ளேயே சூடாகத் தங்கும். முழு வீட்டு ஈரமகற்றி, குளிர்நாட்டாருடைய இறுக அடைத்த வீட்டுக்குப் பிறந்தது. ஆண்டில் எட்டொன்பது மாதம் காய்ந்த காற்று அடிக்கும் தாயில்பட்டியில் அது கூரை மேல் தூங்கும் செலவு.

இங்கே வீட்டு ஈரம் பெரும்பாலும் காற்றில் வருவதில்லை, சுவரில் ஏறுகிறது. கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் பிளக்கும். அடித்தளம் அசைந்து பூச்சில் கீறல் விழும். தரையீரம் நுண்துளை வழியே முழங்கால் உயரத்துக்கு ஏறிவரும். கூடவே உப்பையும் கொண்டுவரும். பழைய சுவர்களில் வெள்ளையாகப் பூத்து உதிரும் அந்த உப்பில் நைட்ரேட்டும் இருக்கும். ஒருகாலத்தில் வெடியுப்புக் காய்ச்சியவர்கள் மண்ணையும் இடிந்த சுவரையும் சுரண்டித்தான் எடுத்தார்கள். சுவரில் ஒருமுறை உப்பு ஏறிவிட்டால், வரம்பு தாண்டும் ஒவ்வொரு மழை மாதமும் அது காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். இயந்திரம் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டி ஜெயிக்காது. அடிச்சுவரில் நீர்த்தடுப்பு, மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடச் சரிவு, சிமெண்டுக்குப் பதில் மூச்சுவிடும் சுண்ணாம்புப் பூச்சு, சமையலறையிலும் குளியலறையிலும் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி: இவைதான் கைகொடுக்கும். நாலு பேர் வீட்டில் மூச்சு, சமையல், குளியல், உள்ளே உலர்த்தும் துணி என்று நாளைக்குப் பத்து லிட்டரை ஒட்டிக் காற்றில் கலக்கிறோம். அதில் பாதியை விசிறிகளே வெளியே தள்ளிவிடும்.

சட்டத்துக்குப் புறம்பாக வீட்டுக்குள்ளேயே சரவெடி பின்னுவதும், அந்த வீடு தரைமட்டமாவதும் இந்தப் பக்கத்துச் செய்திகளில் ஓயவில்லை. ஓதம் ஏறிய சுவர், ஒற்றை வாசல், அடுத்த அறையில் அடுப்பு. ஆலையில் தவிர்க்கப் பாடுபடும் அத்தனையும் வீட்டில் ஒரே கூரைக்குள் கிடைக்கிறது. அங்கே எந்தக் கருவியும் உதவாது.

மற்றபடி பத்திரம், ஆல்பம், கேமரா வைத்த ஓர் அறையை மட்டும் காப்பாற்ற வேண்டும் என்றால், முதலில் சில நூறு ரூபாய்க்கு ஓர் ஈரமானி வாங்கி ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் குறித்துப் பாருங்கள். 65ஐத் தாண்டியே நின்றால், அந்த அறைக்கு, மழை மாதங்களுக்கு மட்டும், சிறிய ரகம் போதும். கதவை மூடி வைத்து ஓட்ட வேண்டும். தொட்டியில் சேரும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்க வாலை வடிநீர் மாதிரிதான் இருக்கும். ஆனால் உலோகச் சுருளில் தூசியோடு வழிந்து வந்த நீர் அது. பேட்டரிக்கு வேண்டாம், செடிக்கு ஊற்றலாம்.